மனிதநேய அமைப்புகளில் பணித்தர நிர்ணயம்

பணித்தர நிர்ணயம் என்பது ஒரு நிறுவனத்தில் உள்ள பணிகளை, அவற்றின் உள்ளடக்கம், பொறுப்பு, தேவைப்படும் அறிவு ஆகியவற்றின் அடிப்படையில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தரங்களுக்குள் வகைப்படுத்தும் முறையாகும். பல நாடுகளில் அலுவலகங்களைக் கொண்டு இயங்கும் மனிதநேய அமைப்புகளில் இம்முறை தனிச் சிறப்புப் பெறுகின்றது. ஒரே அமைப்பின் இரண்டு அலுவலகங்களில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் ஒரே தரத்தில் வைக்கப்படுகின்றனரா என்பதை இதுவே தீர்மானிக்கின்றது.

இம்முறையின் பயனையும் குறைகளையும் விளங்கிக்கொள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், இராமேசுவரம் கரைப்பகுதியும், அதற்கு எதிரே இலங்கையில் உள்ள மன்னார்க் கரையும் நல்ல எடுத்துக்காட்டாகும். தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. இரு கரைகளிலும் தமிழ் பேசப்படுகின்றது. ஆயினும் இரு வேறு நாடுகளின் சட்டங்கள், நாணயங்கள், ஊதிய அளவுகள் ஆகியவற்றின் கீழ் நிவாரணப் பணிகள் நடைபெற்று வந்துள்ளன.

அடிப்படைக் கருத்துகள்

பணித்தர நிர்ணயத்தில் பின்வரும் சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

* பணி: ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் கடமைகளின் தொகுப்பு. அப்பணியில் யார் இருக்கின்றார் என்பது இதில் அடங்காது.
* பணி விவரம்: அக்கடமைகளையும், யாருக்குக் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பதையும், எவ்வளவு முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பதையும் எழுத்தில் கூறும் ஆவணம்.
* தரம்: ஏறத்தாழ ஒத்த மதிப்புடைய பணிகள் சேர்க்கப்படும் படி.
* ஊதிய அளவு: ஒவ்வொரு தரத்திற்கும் உரிய குறைந்த அளவு, கூடிய அளவு ஊதியங்கள்.

இம்முறையின் முதன்மை விதி, தரம் பணிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று என்பதாகும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் ஓட்டுநராகச் சேர்ந்தால் அவர் ஓட்டுநர் தரத்திலேயே வைக்கப்படுவார். ஒருவரது திறமை, உழைப்பு ஆகியவை ஆண்டுதோறும் நிகழும் செயல்திறன் மதிப்பீட்டின் வழியாகக் கணிக்கப்படுகின்றன. பணிக்காலம் ஊதிய அளவுக்குள் உள்ள ஆண்டு உயர்வுகளில் இடம்பெறுகின்றது. இவ்விரண்டும் பணியின் தரத்தை மாற்றுவதில்லை. பணியின் கடமைகள் மாறினால் மட்டுமே தரம் மறுமதிப்பீடு செய்யப்படுகின்றது.

இந்திய வாசகர்களுக்கு அறிமுகமான அரசு ஊதியக் குழு முறையுடன் இதனை ஒப்பிடலாம். ஏழாவது மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய அணியில் 18 நிலைகள் உள்ளன. அங்கு ஒரு பதவியின் நிலை பெரும்பாலும் பணித்தொகுதி, நுழைவுக் கல்வித் தகுதி, மரபாக இருந்துவரும் ஒப்புமைகள் ஆகியவற்றைக் கொண்டு அமைகின்றது. இக்கட்டுரையில் கூறப்படும் புள்ளி முறையிலோ ஒவ்வொரு பணியும் தனித்தனியே காரணிகள் வாரியாக அளக்கப்படுகின்றது.

தேவை

மனிதநேய அமைப்புகள் பெரும்பாலும் நெருக்கடிகளின்போது விரைந்து வளர்பவை. போர், புயல், ஆழிப்பேரலை போன்ற நிகழ்வுகளுக்குப் பின் சில வாரங்களிலேயே புதிய அலுவலகங்கள் திறக்கப்பட்டு ஆட்கள் சேர்க்கப்படுகின்றனர். அப்பொழுது பதவிப் பெயரையும் ஊதியத்தையும் அந்தந்த அலுவலகத்தின் தலைவரே முடிவு செய்வது வழக்கம். இதனால் மூன்று வகையான முரண்பாடுகள் தோன்றுகின்றன.

முதலாவதாக, ஒரே பெயருடைய பதவிகள் வெவ்வேறு வேலைகளைக் குறிக்கத் தொடங்குகின்றன. ஓர் அலுவலகத்தில் கள அலுவலர் எனப்படுபவர் பத்துப் பேரை மேற்பார்வை செய்பவராகவும், மற்றோர் அலுவலகத்தில் அதே பெயருடையவர் படிவங்களை நிரப்புபவராகவும் இருக்கலாம். இரண்டாவதாக, கொடையாளர் அளிக்கும் நிதியைப் பொறுத்து ஊதியம் மாறுகின்றது. அடுத்தடுத்த மேசைகளில் ஒரே வேலையைச் செய்யும் இருவர், வெவ்வேறு திட்டங்களின் கீழ் அமர்த்தப்பட்டதனால் வெவ்வேறு ஊதியம் பெறுவர். மூன்றாவதாக, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் உள்நாட்டில் சேர்க்கப்படுபவர்களுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டாகின்றது.

இவற்றின் விளைவுகள் அமைப்பின் உள்விவகாரமாக நின்றுவிடுவதில்லை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நடைபெற்ற நிவாரணப் பணிகளை ஆராய்ந்த கூட்டு மதிப்பீட்டு அறிக்கைகள் 2006 இல் வெளிவந்தன. பெரிய பன்னாட்டு அமைப்புகள் கூடுதல் ஊதியம் அளித்து உள்ளூர் அமைப்புகளின் பணியாளர்களைத் தம்பால் இழுத்துக்கொண்டதனால் உள்ளூர் அமைப்புகள் வலுவிழந்தன என்பது அவ்வறிக்கைகள் சுட்டிய குறைகளுள் ஒன்று. 2015 இல் உருவான 'மாற்றத்திற்கான பட்டயம்' என்னும் உறுதிமொழியில் கையெழுத்திட்ட பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள், இவ்வாறு ஆட்களை ஈர்ப்பதனால் ஏற்படும் பாதிப்பைக் குறைக்க இணங்கின.

வரலாறு

பணி மதிப்பீட்டு முறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அரசுப் பணிகளிலும் தொழிற்சாலைகளிலும் வளர்ச்சி பெற்றன. 1923 ஆம் ஆண்டின் வகைப்படுத்தல் சட்டம் அந்நாட்டின் கூட்டரசுப் பணிகளைக் கடமைகளின் அடிப்படையில் தரம் பிரித்தது. காரணிகளுக்குப் புள்ளிகள் வழங்கும் முறையும் 1920களில் உருவானது. பின்னர் எட்வர்டு ஹே என்பவரும் அவரது நிறுவனத்தாரும் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. அம்முறை அறிவுத்திறன், சிக்கல் தீர்த்தல், பொறுப்புடைமை ஆகிய மூன்று காரணிகளை அடிப்படையாகக் கொண்டது.

பன்னாட்டு அமைப்புகளைப் பொறுத்தவரை, இரண்டு ஊதியக் கோட்பாடுகள் இன்றும் அடித்தளமாக உள்ளன.

* நோபிள்மேர் கோட்பாடு: நாடுகளின் சங்கம் அமைத்த குழு 1921 இல் அளித்த அறிக்கையிலிருந்து தோன்றியது. எல்லா நாட்டினரையும் ஈர்க்க வேண்டுமாயின், மிகக் கூடிய ஊதியம் வழங்கும் தேசிய அரசுப் பணியை ஒட்டிப் பன்னாட்டு அலுவலர்களின் ஊதியம் அமைதல் வேண்டும் என்பது இதன் சாரம். ஐக்கிய நாடுகள் அவை இதற்கு ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசுப் பணியை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்கின்றது.
* ஃபிளெமிங் கோட்பாடு: 1949 ஆம் ஆண்டின் குழுவின் பெயரால் வழங்குவது. உள்ளூரில் சேர்க்கப்படும் பொதுப்பணிப் பிரிவினருக்கு, அவ்வூரில் நிலவும் சிறந்த பணிநிலைகளை ஒட்டி ஊதியம் வழங்குதல் வேண்டும் என்பது இதன் சாரம்.

ஒரே அமைப்பில் பணியாற்றும் இரு பிரிவினரின் ஊதியம் இரு வேறு சந்தைகளை நோக்கி அமைவதற்கு இவ்விரு கோட்பாடுகளே காரணமாகும்.

1951 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 100 ஆம் உடன்படிக்கை, ஒத்த மதிப்புடைய வேலைக்கு ஆண் பெண் இருபாலாருக்கும் சம ஊதியம் வழங்குதல் வேண்டும் எனக் கூறுகின்றது. செய்யப்படும் வேலையை அடிப்படையாகக் கொண்டு பணிகளைப் பாரபட்சமின்றி மதிப்பிடுவதை ஊக்குவிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகின்றது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1958 இல் ஏற்றது. 1976 இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கருத்துகள் பின்னர் 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1974 இல் பன்னாட்டுக் குடிமைப் பணி ஆணையத்தை நிறுவியது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வாணையத்தில் 15 உறுப்பினர்கள் உள்ளனர். ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த பல அமைப்புகளுக்கும் பொதுவான தர நிர்ணய முறையை உருவாக்கியது இதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. தொழில்முறைப் பிரிவுக்கான முதன்மைத் தரநிலை 1980களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எளிமையாக்கப்பட்ட புதிய தரநிலை 2004 இல் அதற்கு மாற்றாக வந்தது. பொதுப்பணிப் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் பொதுவான தரநிலை 2010 இல் வெளியிடப்பட்டது.

ஐக்கிய நாடுகள் பொது முறைமை

ஐக்கிய நாடுகள் அமைப்புகளில் உள்ள முதன்மையான பிரிவுகள் பின்வருமாறு.

* பொதுப்பணிப் பிரிவு (ஜி-1 முதல் ஜி-7 வரை): ஓட்டுநர், எழுத்தர், கணக்கு உதவியாளர், திட்ட உதவியாளர் போன்ற பணிகள். உள்ளூரில் சேர்க்கப்படுவர்.
* தேசியத் தொழில்முறை அலுவலர் (ஏ, பி, சி, டி எனத் தொடங்கும் தரங்கள்): அந்நாட்டுக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். உள்நாட்டு அறிவும் பட்டறிவும் இன்றியமையாத தொழில்முறைப் பணிகள் இதில் அடங்கும்.
* பன்னாட்டுத் தொழில்முறைப் பிரிவு (பி-1 முதல் பி-5 வரை): எந்த நாட்டிலும் பணியமர்த்தப்படக்கூடியவர்கள்.
* இயக்குநர் பிரிவு (டி-1, டி-2): மூத்த மேலாண்மைப் பணிகள்.

2004 ஆம் ஆண்டின் தரநிலை நான்கு காரணிகளைப் பயன்படுத்துகின்றது. அவை பணியின் தன்மை, பணிச்சூழலும் அது தரும் உதவியும், தொடர்புகளும் கூட்டாண்மையும், விளைவுகள் என்பன.

பிற பன்னாட்டு அமைப்புகள் தத்தமக்கெனத் தனி முறைகளைக் கொண்டுள்ளன. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு தன் பணியாளர்களை 'இடம்பெயரும் பணியாளர்', 'வதியும் பணியாளர்' என இரு வகையாகக் குறிப்பிடுகின்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிலும் பன்னாட்டு அளவில் அனுப்பப்படுவோர், உள்ளூரில் சேர்க்கப்படுவோர் என்ற வேறுபாடு உண்டு. அவ்வமைப்பின் களப் பணியாளர்களுள் மிகப் பெரும்பான்மையோர் உள்ளூரில் சேர்க்கப்பட்டவர்களே.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில்

மண்டபம் நெடுங்காலமாகவே மக்கள் கடந்துசெல்லும் இடமாக இருந்து வந்துள்ளது. பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914 இல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்து அனுப்பும் முகாம் மண்டபத்தில் இயங்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாத்திரி ஒப்பந்தத்திற்குப் பின், தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் அதே முகாமில் வரவேற்கப்பட்டனர். அதே ஆண்டு திசம்பரில் வீசிய புயல் தனுசுக்கோடியை அழித்தபின், இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே இயங்கிய 'இராமானுசம்' கப்பலில் அவர்களுள் பலர் வந்து சேர்ந்தனர்.

1983 யூலை வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் ஏதிலியராக (அகதிகளாக) இக்கரைக்கு வரத் தொடங்கினர். 1990, 1996, 2006 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும் பெருந்தொகையானோர் வந்தனர். 2022 மார்ச்சு முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களும் தனுசுக்கோடிப் பகுதியில் கரையேறி மண்டபத்திற்கு அழைத்துச்செல்லப்பட்டனர். தமிழ்நாடு அரசு 2021 இல் இத்தகைய முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது.

இக்கரையில் நிவாரணப் பணியில் ஈடுபட்டோரின் பணியமைப்பு பலவகைப்பட்டது.

* அரசு: முகாம்களின் நிருவாகம் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் உள்ளது. இதில் பணிபுரிவோர் மாநில அரசின் ஊதிய விதிகளுக்கு உட்பட்டவர்கள்.
* ஏதிலியர் அமைப்புகள்: சா. செ. சந்திரகாசன் 1984 இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இவற்றுள் முதன்மையானது. கல்வி, உடல்நலம், ஆற்றுப்படுத்தல் முதலிய பணிகளில் ஏதிலியரே ஈடுபட்டமை இதன் சிறப்பாகும்.
* ஐக்கிய நாடுகள் அமைப்பு: இந்தியா 1951 ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனினும், நாடு திரும்புவோர் தம் விருப்பத்துடனேயே செல்கின்றனரா என்பதை அறிய, ஐக்கிய நாடுகள் ஏதிலியர் உயர் ஆணையர் அலுவலகம் 1992 இல் சென்னையில் ஓர் அலுவலகம் திறக்க அனுமதிக்கப்பட்டது. 1992 முதல் 1995 வரை 50,000-க்கும் மேற்பட்டோர் இலங்கை திரும்பினர்.
* எதிர்க்கரை: உயர் ஆணையர் அலுவலகம் இலங்கையில் 1987 முதல் பணியாற்றத் தொடங்கியது. 1990 இல் மன்னார் மாவட்டத்தின் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் இயங்கியது.

திரும்பிச் செல்ல விரும்பும் ஒரு குடும்பத்திடம் தமிழில் பேசி, அவர்களது விருப்பம் உண்மையானதா என அறியும் வேலை சென்னையில் நடந்தது. திரும்பி வந்த குடும்பத்திடம் தமிழில் பேசி, அவர்களது நிலையைப் பதிவு செய்யும் வேலை மன்னாரில் நடந்தது. இவ்விரண்டும் ஒரே அமைப்பின் வேலைகள். இவற்றை ஒரே அளவுகோலால் அளந்தால் மட்டுமே இரு அலுவலகத்தாரும் ஒரே தரத்தில் அமைவர். பொதுத் தரநிலை ஒன்றின் தேவை இதனால் புலப்படும்.

உருவாக்கும் முறை

ஒரு பன்னாட்டு மனிதநேய அமைப்பு சீரான பணித்தர முறையை உருவாக்கும்போது பின்வரும் படிகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன.

1. எல்லா அலுவலகங்களிலும் உள்ள பணிகளைப் பட்டியலிடுதல். ஒரே வேலைக்கு வழங்கும் பல பெயர்களை ஒன்றாக்குதல்.
2. பணி விவரங்களை ஒரே படிவத்தில் எழுதுதல். அப்பணியில் இருப்பவரும் மேற்பார்வையாளரும் அதனைச் சரிபார்த்தல்.
3. காரணிகளையும் அவற்றின் எடையையும் முடிவு செய்தல்.
4. எல்லா நாடுகளிலும் காணப்படும் சில பணிகளை மாதிரிப் பணிகளாகத் தெரிவு செய்து முதலில் மதிப்பிடுதல்.
5. பல நாடுகளையும் துறைகளையும் சேர்ந்த குழு, பணியில் இருப்பவரின் பெயரையும் தற்போதைய ஊதியத்தையும் அறியாமல் ஏனைய பணிகளை மதிப்பிடுதல்.
6. புள்ளிகளைத் தரங்களாகப் பிரித்தல்.
7. நாடுகளுக்கிடையே முடிவுகளை ஒப்புநோக்கி முரண்பாடுகளைக் களைதல்.
8. முடிவை ஏற்காத பணியாளர் முறையீடு செய்ய வழிவகுத்தல்.
9. குறிப்பிட்ட கால இடைவெளியில் மீளாய்வு செய்தல்.

இவற்றுள் இரண்டாவது படியே மிக முக்கியமானது எனலாம். விவரத்தில் எழுதப்படாத கடமையைக் குழு மதிப்பிட இயலாது.

எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக, இராமநாதபுரத்திலும் மன்னாரிலும் அலுவலகங்களைக் கொண்ட ஒரு கற்பனை அமைப்பைக் கொள்க. அது நான்கு காரணிகளைப் பயன்படுத்துகின்றது. ஒவ்வொரு காரணிக்கும் 1 முதல் 5 வரை நிலைகள் உள்ளன. நிலையை எடையால் பெருக்கக் கிடைப்பது புள்ளியாகும்.

* அறிவும் பட்டறிவும்: எடை 6
* சிக்கல்களின் தன்மை: எடை 5
* முடிவெடுக்கும் பொறுப்பு: எடை 5
* தொடர்புகள்: எடை 4

எனவே குறைந்த அளவு 20 புள்ளிகள், கூடிய அளவு 100 புள்ளிகள். தரங்கள் பின்வருமாறு: 20-35 தரம் 1, 36-50 தரம் 2, 51-65 தரம் 3, 66-80 தரம் 4, 81-100 தரம் 5.

சில பணிகளின் மதிப்பீடு (நிலைகள் மேற்கூறிய வரிசையில் தரப்பட்டுள்ளன):

* ஓட்டுநர்: 2, 1, 1, 2. புள்ளிகள் 12+5+5+8 = 30. தரம் 1.
* கிடங்குப் பொறுப்பாளர்: 2, 2, 2, 2. புள்ளிகள் 12+10+10+8 = 40. தரம் 2.
* கள அலுவலர்: 3, 3, 3, 3. புள்ளிகள் 18+15+15+12 = 60. தரம் 3.
* திட்ட மேலாளர்: 4, 4, 4, 4. புள்ளிகள் 24+20+20+16 = 80. தரம் 4.

இனி, கரையேறும் குடும்பங்களைப் பதிவு செய்யும் பணியைக் கருதுக. இராமநாதபுரம் அலுவலகம் இதனை 'பதிவு எழுத்தர்' எனப் பெயரிட்டு, 'வருவோரின் விவரங்களைப் படிவத்தில் நிரப்புதல்' என ஒரே வரியில் விவரம் எழுதியுள்ளது. குழு இதனை 2, 2, 2, 2 என மதிப்பிடும். புள்ளிகள் 40. தரம் 2.

மன்னார் அலுவலகம் அதே வேலையை விரிவாக எழுதியுள்ளது. களைப்புடனும் அச்சத்துடனும் இருக்கும் குடும்பத்திடம் பேசித் தகவல் பெறுதல், அவர்கள் சொல்வதை வேற்றுமொழி அலுவலருக்குப் பிழையின்றி மொழிபெயர்த்தல், பிறப்புச் சான்று முதலிய ஆவணங்களைச் சரிபார்த்தல், பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளை அடையாளம் கண்டு உரியவரிடம் சேர்த்தல், கேட்டவற்றை வெளியிடாது காத்தல் என ஐந்து கடமைகள் அதில் உள்ளன. குழு இதனை 3, 3, 2, 4 என மதிப்பிடும். புள்ளிகள் 18+15+10+16 = 59. தரம் 3. அதாவது, இப்பணி கள அலுவலருடன் ஒரே தரத்தைப் பெறுகின்றது.

வேலை ஒன்றே. எழுதப்பட்ட விவரமே வேறு. 19 புள்ளிகள் வேறுபாடும் ஒரு தர வேறுபாடும் அதிலிருந்தே எழுந்தன. பொதுப் படிவமும் நாடுகளுக்கிடையேயான ஒப்புநோக்கும் இத்தகைய பிழையைக் கண்டறிய உதவுகின்றன.

காரணிகளுக்குத் தரப்படும் பொருள் வரையறையும் இதேபோல் முக்கியமானது. அறிவு என்பது பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டும் குறிக்கும் என வரையறுத்தால், மேற்கண்ட பணி அக்காரணியில் 3 இலிருந்து 2 ஆகக் குறையலாம். தொடர்புகள் என்பது கொடையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதை மட்டும் குறிக்குமாயின் 4 இலிருந்து 2 ஆகக் குறையலாம். அப்பொழுது புள்ளிகள் 12+15+10+8 = 45 ஆகி, பணி மீண்டும் தரம் 2 இல் விழும். முழுமையான பணி விவரமும் நேர்மையான குழுவும் இருந்தும், இரு கரைகளின் பேச்சுத் தமிழையும் மீனவர், ஏதிலியர் வாழ்வையும் அறிந்திருத்தல் மதிப்பற்றதாகிவிடும்.

தரமும் ஊதியமும்

ஒரே தரம் என்பது ஒரே ஊதியம் என்று பொருள்படாது. ஐக்கிய நாடுகள் முறையில் பொதுப்பணிப் பிரிவினருக்கும் தேசிய அலுவலர்களுக்கும் அந்தந்த நாட்டுச் சந்தையை ஆய்ந்து உள்நாட்டு நாணயத்தில் ஊதியம் வரையறுக்கப்படுகின்றது. எனவே இந்தியாவில் உள்ள ஜி-5 பணியாளரும் இலங்கையில் உள்ள ஜி-5 பணியாளரும் ஒரே தரத்தினராயினும் வேறு ஊதிய அளவுகளுக்கு உட்பட்டவர்கள்.

பன்னாட்டுப் பிரிவில் அடிப்படை ஊதியம் உலகம் முழுதும் ஒன்றே. பணியிடத்தின் வாழ்க்கைச் செலவுக்கேற்ப அதனுடன் ஈட்டுத்தொகை சேர்க்கப்படுகின்றது. பன்னாட்டுப் பிரிவினருக்கும் உள்நாட்டுப் பிரிவினருக்கும் உள்ள இடைவெளி ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் உதவிப் பணியாளர்களிடையே நடத்தப்பட்டு 2010 அளவில் வெளியான ஓர் ஆய்வு, ஒத்த தகுதியும் பட்டறிவும் இருந்தும் நிலவும் ஊதிய இடைவெளி உள்நாட்டுப் பணியாளரின் ஊக்கத்தைக் குறைத்து, வேலையை விட்டு விலகும் எண்ணத்தை வளர்க்கின்றது என்று காட்டியது.

தரத்திற்கு வெளியே உள்ளவை

பணித்தர முறை எல்லோரையும் உள்ளடக்குவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர், ஐக்கிய நாடுகள் தன்னார்வலர், தினக்கூலி பெறுவோர் ஆகியோர் வேறு விதிகளின்கீழ் வருகின்றனர். கென்யாவின் தடாப், ககுமா போன்ற ஏதிலியர் முகாம்களில் ஏதிலியரே ஆசிரியராகவும் மருத்துவ உதவியாளராகவும் பணிபுரிந்து, ஊதியத்திற்குப் பதிலாக 'ஊக்கத்தொகை' பெற்று வந்துள்ளனர். அதே வேலையைச் செய்யும் அந்நாட்டுக் குடிமகனின் ஊதியத்தைவிட இது மிகக் குறைவு. வேலை செய்யும் சட்ட உரிமை ஏதிலியருக்கு இல்லாமை அல்லது குறுகியிருத்தல் இதற்குக் காட்டப்படும் காரணமாகும்.

பணியின் இடர் என்பதும் பொதுவாகத் தரத்தில் அளக்கப்படுவதில்லை. இடர் இடத்தையும் காலத்தையும் பொறுத்து மாறுவது, பணியின் உள்ளடக்கத்தைச் சேர்ந்ததன்று எனக் கொள்ளப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் முறையில் இதற்கெனத் தனிப்படி உண்டு. 2012 முதல் இது இடர்ப்படி என்னும் புதிய வடிவில் வழங்கப்படுகின்றது. பன்னாட்டுப் பணியாளருக்கும் உள்நாட்டுப் பணியாளருக்கும் இதனைக் கணக்கிடும் முறை வேறுபடுகின்றது.

இவ்வேறுபாடு ஏன் விவாதிக்கப்படுகின்றது என்பதற்கு இலங்கை நிகழ்வு ஒன்று சான்றாகும். 2006 ஆகத்து 4 அன்று திருகோணமலை மாவட்டம் மூதூரில், பிரான்சைச் சேர்ந்த 'ஆக்சன் கோந்த்ர் லா ஃபாம்' என்னும் பட்டினி ஒழிப்பு அமைப்பின் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தில் ஈடுபட்டிருந்த அவர்கள் அனைவரும் இலங்கையர். உலகெங்கும் பணியின்போது கொல்லப்படும் மனிதநேயப் பணியாளர்களுள் பெரும்பான்மையோர் உள்நாட்டினரே.

விமர்சனங்கள்

* புள்ளிகள் புறவயமானவை போலத் தோன்றினாலும் காரணிகளின் தெரிவும் எடையும் மனிதர்களின் தீர்ப்பே. தலைமையகத்தார் மட்டும் இவற்றை முடிவு செய்தால் தலைமையகப் பணிகளே கூடிய புள்ளிகளைப் பெறும்.
* பராமரிப்பு, ஆற்றுப்படுத்தல், மொழிபெயர்ப்பு போன்ற பெண்கள் மிகுதியாகச் செய்யும் பணிகளின் திறன்கள் 'இயல்பான குணங்கள்' எனக் கருதப்பட்டு விடுபட்டுப் போகின்றன.
* மேற்பார்வை செய்யப்படும் ஆட்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி தரப்படுவதனால், தேவையற்ற மேலாளர் பதவிகள் பெருகுகின்றன.
* நன்கு எழுதத் தெரிந்த அலுவலகம் தன் பணிகளுக்கு உயர்ந்த தரம் பெறுகின்றது. இது தர வீக்கம் எனப்படும்.
* நெருக்கடிக் காலங்களில் கடமைகள் நாள்தோறும் மாறுவதனால் பணி விவரம் விரைவில் காலாவதியாகின்றது.

இக்குறைகளுக்குப் பின்வரும் தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன: மதிப்பீட்டுக் குழுவில் களப் பணியாளருக்கும் பெண்களுக்கும் இடமளித்தல், தரநிலை ஆவணத்தை எல்லாப் பணியாளரும் படிக்கும் மொழிகளில் வெளியிடுதல், முறையீட்டிற்குக் காலவரம்பு விதித்தல், ஒப்பந்தப் பணிகளையும் அதே அளவுகோலால் அளத்தல். 2014 இல் வெளியிடப்பட்ட மனிதநேய அடிப்படைத் தரநிலை, பணியாளர்கள் நியாயமாகவும் சமத்துவத்துடனும் நடத்தப்படுதல் வேண்டும் என்பதைத் தன் ஒன்பது உறுதிமொழிகளுள் ஒன்றில் சேர்த்துக்கொண்டது. அத்தரநிலையின் திருத்திய பதிப்பு 2024 இல் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* மண்டபம் முகாம்
* இலங்கைத் தமிழ் ஏதிலியர்
* பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு
* சம வேலைக்குச் சம ஊதியம்
* மனிதவள மேலாண்மை